பைன் காட்டில் கார்பன் அளக்க இன்கிரிமென்ட் போரர்: வாங்கலாமா?

ஒரு கைப்பிடி, உள்ளே பொள்ளலான ஓர் எஃகுக் குழாய், நீளமான மெல்லிய ஒரு தகடு. இன்கிரிமென்ட் போரர் என்பது இவ்வளவுதான். பேட்டரி இல்லை, திரை இல்லை, செயலி இல்லை. மரத்தின் மார்பளவு உயரத்தில் வைத்துத் திருகினால் குழாய் உள்ளே போகும். தகட்டை விட்டு உருவினால், பட்டையிலிருந்து மையம் வரைக்கும் பென்சிலைவிட ஒல்லியான ஒரு மரக்குச்சி கையில் வரும். மரம் போட்ட வளையங்கள் அத்தனையும் அதில் வரிசையாக இருக்கும். ஜெர்மனியின் தாரண்ட் வனவியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மாக்ஸ் பிரெஸ்லர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய கருவி இது. அதன்பிறகு எஃகு மேம்பட்டிருக்கிறது, மேற்பூச்சு வந்திருக்கிறது. வடிவம் ஏறக்குறைய அதேதான்.

நட்டு வளர்த்த பைன் காடுகளில் எவ்வளவு கார்பன் சேர்ந்திருக்கிறது என்று அளந்து கொடுப்பது என் பிழைப்பு. ஆகவே அந்த ஒரு வேலைக்கு இது எப்படி என்பதை மட்டும்தான் இங்கே பார்க்கப் போகிறேன். பழைய காலத்து வறட்சியைத் தேடும் ஆராய்ச்சியாளர்களும் இதே கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் போடும் மதிப்பெண் வேறாக இருக்கும். பிராண்ட் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். உருப்படியாகச் செய்கிற நிறுவனங்கள் மிகச் சில. அவற்றுக்குள் பெரிய வித்தியாசமும் கிடையாது. எந்த அளவை வாங்குகிறீர்கள், வாங்கியதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மரத்தைப் பற்றிக் கேட்டால் இந்தக் கருவி பொய் சொல்லாது. காட்டைப் பற்றிக் கேட்டால் பாதியைத்தான் சொல்லும். அந்தப் பாதியை முழுசென்று நம்பி எழுதிய அறிக்கைகள் என் மேசைக்கு நிறையவே வருகின்றன.

வாங்கும்போது மூன்று விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டும். முதலாவது நீளம். மரத்தின் விட்டத்தில் முக்கால் பங்காவது குழாய் இருக்க வேண்டும், 40 செ.மீ. விட்டமுள்ள பைனுக்கு 30 செ.மீ. குழாய். பாதி விட்டம் போதுமே என்று தோன்றும். ஆனால் மரத்தின் மையம் நடுவில்தான் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சரிவில் நிற்கும் பைன், தன்னை நிமிர்த்திக்கொள்ளச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் அடர்த்தியான, அகலமான வளையங்களைப் போடும். மையம் மேல்பக்கமாக ஒதுங்கிப் போய்விடும். அதனால்தான் சரிவில் வேலை செய்யும்போது மேலிருந்தோ கீழிருந்தோ துளைக்காமல் பக்கவாட்டில் துளைக்கச் சொல்வார்கள்.

இரண்டாவது, குச்சியின் தடிமன். 4.3 மி.மீ., 5.15 மி.மீ. இரண்டும் பரவலாகக் கிடைக்கும். வளையத்தை எண்ணினால் போதும் என்றால் 4.3 தாராளம். கார்பன் வேலை என்றால் மரத்தின் அடர்த்தியையும் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு 5.15 நல்லது. ஒல்லிக் குச்சியில் கன அளவைத் துல்லியமாக எடுப்பது சிரமம். சிறு பிழைகூட அடர்த்தியில் பெரிதாகத் தெரியும்.

மூன்றாவது மரை. இரண்டு மரை, மூன்று மரை என்று இரு வகை வருகிறது. மூன்று மரை ஒவ்வொரு சுற்றுக்கும் அதிக தூரம் உள்ளே போகும். பைன் போன்ற மென்மரங்களுக்கு அதுதான். கடின மரங்களுக்கு இரண்டு மரை. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார். ஒன்றில்லை. நாள் முழுக்கத் திருகிப் பார்த்தால் தோள்பட்டை சொல்லும்.

துளைக்கும் வேலையில் கஷ்டமானது முதல் இரண்டு சுற்றுதான். மரை மரத்தைக் கவ்வும் வரை முழு உடம்பையும் சாய்த்து, குழாயை ஆடாமல் நேராக வைத்து அழுத்த வேண்டும். பட்டை தடித்த மரமென்றால் நுனி வழுக்கும். கவ்விவிட்டால் அப்புறம் தானாக இழுத்துக்கொண்டு போகும். போதுமான ஆழம் போனதும் தகட்டைச் செருகி, கைப்பிடியை ஒரு சுற்றுப் பின்னால் திருப்பினால் குச்சி அடியில் ஒடியும். பிறகு தகட்டை உருவலாம். இங்கே மட்டும் நிதானம் கூடாது. குழாயை மரத்துக்குள் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், மரம் அதை இறுக்கிக்கொள்ளும். என்னோடு வேலை செய்யும் பையன், “அக்கா, இது பின்னாலயும் வரல, முன்னாலயும் போகல” என்று குரல் கொடுத்தால், குறிப்பெழுதுகிற நோட்டைக் கீழே போட்டுவிட்டு நானும் ஓட வேண்டியிருக்கும். இரண்டு பேர் தொங்கினால் வரும். மரம் உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில் அந்தத் துணிச்சலும் வேண்டாம், குழாயே முறிந்துவிடும்.

இந்தக் கருவியோடு சேர்த்து ஒரு பழைய வழக்கும் சொல்லப்படும். 1964இல் அமெரிக்காவின் நெவாடாவில், வீலர் சிகரத்துக்குக் கீழே ஒரு பிரிசில்கோன் பைனை ஆராய்ச்சிக்காக வெட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் 4,800க்கும் மேல் வளையங்கள். போரர் சிக்கிக்கொண்டதால்தான் வெட்டினார்கள் என்று ஒரு கதை, போரர் நீளம் போதவில்லை என்று இன்னொரு கதை. எது உண்மையோ, அந்த மரம் போனது போனதுதான். நட்டு வளர்த்த காடுகளில் இந்தப் பயம் இல்லை. துளைத்த ஓட்டையைப் பைன் தன் பிசினாலேயே அடைத்துக்கொள்ளும். மெழுகோ, குச்சியோ வைத்து அடைக்க வேண்டியதில்லை.

சரி, குச்சி கையில் வந்தாயிற்று. அதில் என்ன தெரிகிறது?

நட்ட வருஷம்தான் பதிவேட்டில் இருக்கிறதே, வயதைத் துளைத்துப் பார்ப்பது எதற்கு என்று காட்டுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதிவேட்டில் இருப்பது தோட்டத்தின் வயது, மரத்தின் வயதல்ல. நட்ட நாற்றுகளில் செத்துப்போனவற்றுக்குப் பதிலாக அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ இடைநடவு செய்திருப்பார்கள். பக்கத்துக் காட்டிலிருந்து விதை விழுந்து முளைத்தவையும் உள்ளே நிற்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: போரர் காட்டுவது மார்பளவு உயரத்தை மரம் எட்டியதற்குப் பிந்தைய வயதை மட்டும். நல்ல மண்ணில் வேகமாக ஓங்கும் பைன் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த உயரத்தைத் தாண்டிவிடும்; குளிர்ப் பிரதேசத்து ஸ்காட்ஸ் பைனுக்கு இன்னும் பல ஆண்டுகள் பிடிக்கும். அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மார்பளவு என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 1.3 மீட்டர், அமெரிக்காவில் 1.37, நியூசிலாந்தில் 1.4.

வயதைவிட எனக்குப் பயன்படுவது வளர்ச்சியின் வரலாறு. நடுவில் அகல அகலமான வளையங்கள்: இடம், வெளிச்சம், எல்லாம் இருந்த இளமைக்காலம். பிறகு மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று முட்டி நிழல் மூடிய வருஷங்களில் வளையங்கள் ஒடுங்கத் தொடங்கும். ஒடுங்கிக்கொண்டே வந்தது திடீரென்று அகன்றால், அந்தச் சமயத்தில் மரங்களைக் கலைத்திருக்கிறார்கள், அதாவது நெருக்கம் குறையச் சில மரங்களை வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்த ஆண்டு கலைத்தோம் என்று உரிமையாளருக்கே மறந்திருக்கும். குச்சி ஞாபகம் வைத்திருக்கும். வறட்சி ஆண்டுகள் நூல்போல இருக்கும். சில பைன்களில் வறட்சிக்கு நடுவே மழை வந்தால் ஒரே வருஷத்தில் இரண்டு வளையம்போலத் தெரியும், கடும் வறட்சியில் ஒன்று காணாமலே போகும். அதற்காகத்தான் ஒரே மரத்தில் இரண்டு பக்கம் எடுத்து, பல மரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. பருவ வித்தியாசம் தெரியாத வெப்பமண்டலத்தில் நட்ட பைன்களில் இந்த வளையங்களை ஆண்டுக் கணக்காக நம்பவே கூடாது; அங்கே வேலை செய்பவர்கள் இந்தக் கருவியை வாங்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம்.

இனி, இந்தக் கருவியை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம். குச்சியின் வெளிப்பக்கம் ஒடுங்கிய வளையங்களைப் பார்த்ததும், “மரத்துக்கு வயசாகிவிட்டது, கார்பன் சேர்ப்பது நின்றுவிட்டது” என்று முடிவுகட்டிவிடுவார்கள். கண் ஏமாற்றுகிறது. வளையத்தின் அகலம் ஒரு கோடு. மரம் சேர்ப்பதோ அந்தக் கோடு சுற்றிவரும் பரப்பு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆரம் 6 செ.மீ. இருக்கும் இளம் மரம் 4 மி.மீ. அகலத்தில் ஒரு வளையம் போட்டால் அதன் பரப்பு ஏறக்குறைய 15.6 சதுர செ.மீ. ஆரம் 15 செ.மீ. ஆன மரம் அதில் பாதி, 2 மி.மீ. மட்டும் போட்டாலும் பரப்பு 19 சதுர செ.மீட்டரை ஒட்டி வருகிறது. பாதி அகலம், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதிக மரம். மரம் உயர்ந்தும் இருப்பதால் அந்த வளையம் ஓடுகிற நீளமும் கூடுதல்.

அதோடு முடியவில்லை. பைனின் முதல் பத்துப் பதினைந்து வளையங்கள் இளமரம். செல்சுவர் மெல்லியது, எடை குறைவு. வெளியே போகப்போக மரம் கனக்கும். ரேடியேட்டா பைனில் மையத்தருகே கன மீட்டருக்கு 350 கிலோ அளவில் இருக்கும் உலர் அடர்த்தி, முதிர்ந்த வெளி வளையங்களில் 450ஐத் தொடலாம். மேலே சொன்ன இரண்டு வளையங்களுக்கும் இந்த எடையைப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளத் தண்டில் இளம் வளையம் சேர்த்தது அரைக் கிலோ மரம். ஒடுங்கிய முதிர் வளையம் சேர்த்தது 0.8 கிலோவுக்கும் மேல். உலர்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதி கார்பன் என்பது தெரிந்த விஷயம். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் வழிகாட்டி மித வெப்ப, குளிர்ப் பிரதேச ஊசியிலை மரங்களுக்கு 0.51 என்று வைத்திருக்கிறது. ஆக, பார்வைக்கு இளைத்துப்போன வளையம்தான் அதிகம் சேர்த்திருக்கிறது. கார்பனைக் கார்பன் டைஆக்சைடாகச் சொல்ல வேண்டுமென்றால் 3.67ஆல் பெருக்க வேண்டும். கன மீட்டருக்கு 400 கிலோ எடையுள்ள பைன் மரம் ஒரு கன மீட்டர் இருந்தால், பாதி என்று வைத்துக்கொண்டால் 200 கிலோ கார்பன், அதாவது 730 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கார்பன் டைஆக்சைடு காற்றிலிருந்து இறங்கியிருக்கிறது.

2014இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, 403 மர இனங்களின் அளவுகளைத் திரட்டி, பெரும்பாலான இனங்களில் மரம் பெரிதாகப் பெரிதாக ஆண்டுதோறும் சேர்க்கும் எடையும் கூடுகிறது என்று காட்டியது. அது வெளிவந்த பிறகு, “பார்த்தீர்களா, காடு முதிர முதிர வேகமாகக் கார்பன் சேர்க்கும்” என்று சிலர் எழுதத் தொடங்கினார்கள். அந்த ஆய்வு மரத்தைப் பற்றிச் சொன்னது. காடு என்பது வேறு கணக்கு. போரர் என்னைக் கைவிடுவதும் அங்கேதான்.

ஏனென்றால் நான் இன்று துளைப்பது இன்று நிற்கும் மரங்களை. நெருக்கத்தில் நசுங்கிச் செத்தவை, புயலில் சாய்ந்தவை, கலைப்பில் வெட்டிக்கொண்டு போனவை எதுவும் என் குச்சிகளில் இல்லை. ஜெயித்தவர்களிடம் மட்டும் பேட்டி எடுத்து ஊர் நிலவரம் எழுதுவதுபோலத்தான் இது. குச்சிகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், இருபது ஆண்டுக்கு முந்தைய காடு நிஜத்தில் இருந்ததைவிட ஒல்லியாகத் தெரியும். செத்த மரங்கள் அப்போது சேர்த்த கார்பன் கணக்கில் வராதல்லவா. அதனால் அதற்குப் பிறகான வளர்ச்சி வேகம் இல்லாத அளவுக்குப் பெரிதாகிவிடும். தோட்டம் முழுவதற்குமான ஆண்டு வளர்ச்சி பொதுவாகத் தலைகள் முட்டும் காலத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்குகிறது. பெரிய மரம் ஒவ்வொன்றும் வேகமாகச் சேர்த்தாலும், ஹெக்டேருக்கு நிற்கும் மரங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

இறங்குவது வேகம்தான், இருப்பு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வேகம் குறைந்த தோட்டத்திலும் இருப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும். வெட்டுகிற நாள் வரைக்கும். “வளர்ச்சி குறைந்துவிட்டது, வெட்டிவிட்டுப் புதிதாக நட்டால் அதிக கார்பன் பிடிக்கலாம்” என்கிற வாதம் இந்த இரண்டையும் குழப்புவதால் வருவது. வெட்டிய இடத்தில் அடிக்கட்டைகளும் கிளைகளும் சருகும் அழுகி, நட்ட நாற்று சேர்ப்பதைவிட அதிகமாகக் காற்றுக்கு விடும். வெப்பமான இடங்களில் அது சில ஆண்டுகளில் சரியாகும். குளிர் நாடுகளில் பத்தாண்டைத் தாண்டியும் நீளலாம். அந்த வருஷங்களைப் பற்றி எந்தக் குச்சியும் பேசாது. மார்பளவு உயரத்துக்கே மரம் வராத காலம் அது.

வெட்டிய மரம் உடனே கார்பனை விட்டுவிடாது என்பது உண்மை. ஆனால் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. ஐபிசிசி கணக்கில் அறுத்த பலகைக்கு அரைவாழ்வு, அதாவது அதிலுள்ள கார்பனில் பாதி வெளியேற ஆகும் காலம், 35 ஆண்டு, ஒட்டுப்பலகை வகைகளுக்கு 25, காகிதத்துக்கு 2. பலகைக்குப் போகும் தடித்த மரமும் காகிதக் கூழுக்குப் போகும் ஒல்லி மரமும் கார்பன் கணக்கில் ஒன்றாகாது. நியூசிலாந்தின் உமிழ்வு வர்த்தகத் திட்டம் இதை ஓரளவு நேர்மையாகக் கையாள்கிறது என்பது என் எண்ணம். வெட்டி நடும் ரேடியேட்டா பைன் தோட்டங்களை இப்போது சராசரிக் கணக்கில் பதிவுசெய்தால், முதல் சுழற்சியில் 16 வயது வரை சேர்வதற்குத்தான் விற்கக்கூடிய கார்பன் அலகு கிடைக்கும். அங்கே அந்த மரங்களை வெட்டுவது ஏறக்குறைய 25 முதல் 30 வயதில். வெட்டுவதும் நடுவதுமாகச் சுற்றிவரும் நிலத்தில் நீண்ட காலச் சராசரிக்கு மேல் எண்ணாதே என்பதுதான் அதன் தர்க்கம். அதோடு, 100 ஹெக்டேரும் அதற்கு மேலும் பதிவு வைத்திருப்பவர்கள் களத்தில் இறங்கி அளந்துதான் ஆக வேண்டும். அட்டவணையைப் பார்த்து எண் எழுதிவிட முடியாது.

போரர் எட்டாத இன்னொரு இடம், தரைக்குக் கீழே. வேரைத் தோண்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதனால் தரைக்கு மேலுள்ள எடையோடு ஒரு விகிதத்தைப் பெருக்கிக்கொள்கிறோம். அந்த விகிதமும் வயதோடு மாறும். மித வெப்பப் பகுதி ஊசியிலைக் காடுகளுக்கு ஐபிசிசி தருவது: ஹெக்டேருக்கு 50 டன்னுக்குக் குறைந்த இளங்காட்டில் 0.40, 50 முதல் 150 டன் வரை 0.29, அதற்கு மேல் 0.20. இளம் தோட்டத்துக்கும் முதிர்ந்த தோட்டத்துக்கும் ஒரே விகிதத்தைப் போட்டு அனுப்பும் அறிக்கைகளை நான் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

மண் இன்னும் விசித்திரம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் கால்ஹூன் பரிசோதனைக் காடு என்று ஒன்று இருக்கிறது. பருத்தி பயிரிட்டுச் சோர்ந்துபோன நிலத்தில் 1957இல் லோப்லாலி பைன் நட்டு, மண்ணைத் திரும்பத் திரும்ப எடுத்து அளந்து வந்தார்கள். சுமார் நாற்பது ஆண்டு கழித்து 1999இல் வெளியான முடிவு: சேர்ந்த கார்பனில் மிகப் பெரும் பங்கு மரங்களில், அடுத்த பங்கு தரையில் குவிந்த சருகுப் படுகையில், கனிம மண்ணில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. நாற்பது ஆண்டு பைன் நின்ற மண் அது. புல்வெளியில் பைன் நடுவது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். குவோ, கிஃபர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், புல்வெளியைத் தோட்டமாக்கிய இடங்களில் மண்ணின் கார்பன் சராசரியாக 10 சதவீதம் குறைந்திருந்தது. அந்த இழப்பு குறிப்பாக ஊசியிலை மரங்களின் கீழே தெரிந்தது. புல் தன் கார்பனை மண்ணுக்குள் வேராக வைக்கிறது. பைன் தண்டிலும் மேலே விழும் ஊசிகளிலும் வைக்கிறது. மட்க நேரமெடுக்கும் அந்த ஊசிப் படுகை முதிர்ந்த தோட்டத்தில் கால் புதையும் அளவுக்குச் சேரும். ஒரு கோடைத் தீ வந்தால் முதலில் போவதும் அதுதான்.

அதனால் நான் போரரைத் தனியாகக் கொண்டுபோவதில்லை. விட்டம் அளக்கும் நாடா, உயரம் அளக்கும் கருவி, சருகை வாரி எடுக்க ஒரு சதுரச் சட்டம், மண்ணெடுக்கும் குழாய், எடைத்தராசு. இந்த வரிசையில் போரரின் இடம் மூன்றாவதோ நான்காவதோதான். நாடா இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. போரர் இல்லாமல் ஓட்டிவிடலாம், ஆனால் காடு எந்த வழியாக இந்த இருப்புக்கு வந்தது என்பது தெரியாது. இனி எந்த வழியில் போகும் என்று சொல்லும் தைரியமும் வராது.

பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம். பைனுக்கு இதுதான் பெரிய தலைவலி. பிசின் குழாய்க்குள் ஒட்டிக் காய்ந்து, அடுத்த குச்சி உள்ளேயே நெரிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்ததை இரும்புக் கம்பியால் குத்தி எடுக்கப் போனால் வெட்டுவிளிம்பு போய்விடும். விளிம்பு போனால் கருவி போனது. ஒவ்வொரு தோட்டமும் முடிந்ததும் டர்பென்டைனால் உள்ளும் புறமும் துடைக்கிறேன். பைன் பிசினிலிருந்து எடுக்கும் டர்பென்டைன்தான் பைன் பிசினைக் கரைக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. துடைத்த பிறகு லேசாக எண்ணெய், மரையில் தேன்மெழுகு. தேன்மெழுகு போட்ட குழாய்க்கும் போடாததற்கும் கை வலியில் வித்தியாசம் தெரியும். விளிம்பைத் தரையில், கல்லில், ஜீப்பின் இரும்புத் தளத்தில் படவே விடக்கூடாது. மங்கினால் நுண்ணிய சாணைக்கல்லால் பொறுமையாகத் தீட்டலாம், ஆனால் அதற்கென்று ஒரு கை வேண்டும்.

பெட்டியோடு வரும் தகடுதான் இந்தப் பொருளின் மிகப் பலவீனமான பாகம். அது இவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது. குழாய்க்கும் குச்சிக்கும் நடுவில் நுழைய வேண்டுமே. ஆனாலும் ஒரு தடவை மடங்கினால் மறுபடி நேராகாது, முனையிலுள்ள பற்கள் தேய்ந்தால் குச்சி பாதியில் நழுவும். இதற்கு உதிரி கேட்டால் சில கடைகள் வாரக்கணக்கில் இழுத்தடிக்கின்றன. கூடவே வரும் வழிகாட்டித் தாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படத்தைப் பார்த்தே புதிதாக வருகிறவர் ஒரு குழாயை முறித்துவிடுவார். மலிவான நகல்களும் சந்தையில் வருகின்றன. எஃகு மென்மையாக இருப்பதால் அவற்றின் விளிம்பு முடிச்சு விழுந்த ஒரு மரத்திலேயே மடங்கிவிடும். அதை வாங்குவதைவிட யாரிடமாவது நல்லதை இரவல் வாங்குவது மேல்.

குச்சிகளைக் காகித உறிஞ்சுகுழலில் போட்டு வைப்பது நல்லது. பிளாஸ்டிக் குழலில் ஈரம் போகாமல் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்து காய விட்டு, பள்ளமிட்ட மரச்சட்டத்தில் ஒட்டி, உப்புத்தாளைச் சொரசொரப்பிலிருந்து நுண்மை வரை மாற்றி மாற்றித் தேய்த்தால்தான் ஒடுங்கிய வெளி வளையங்கள் பிரிந்து தெரியும். காட்டிலேயே நின்று எண்ணி எழுதுவது ஏறக்குறைய எப்போதும் குறைவாகவே வரும். அடர்த்தி பார்ப்பதற்கான குச்சியை மட்டும் ஒட்டக் கூடாது, தனியாக எடுத்து வைக்க வேண்டும். வைரம் பாய்ந்த பகுதி, பாயாத வெளிப்பகுதி இரண்டையும் பிரித்தே எடை போடுங்கள். வைரத்தில் பிசின் ஏறியிருப்பதால் சேர்த்துப் போட்டால் கணக்கு தடுமாறும்.

மதிப்பெண் கேட்டால்: மரத்தின் வளர்ச்சி பார்க்க 5க்கு 4.5, தகட்டுக்காக அரை வெட்டு. பைன் தோட்டத்தின் மொத்தக் கார்பன் கணக்குக்கு, இதை மட்டும் வைத்துக்கொண்டு இறங்குவதென்றால், 2. ஒன்றிரண்டு ஏக்கர் பைன் வைத்துக்கொண்டு ஆர்வத்துக்காக வயது பார்க்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம், கலைப்பில் வெட்டிய அடிக்கட்டையின் மேல் தண்ணீர் தெளித்து எண்ணினாலே போதும். தொழிலாகச் செய்கிறவர்கள் 5.15 மி.மீ., மூன்று மரை, 30 செ.மீ. ஒன்றும், பெரிய மரங்களுக்கு 40 செ.மீ. ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் போடும்போதே உதிரித் தகடு இரண்டு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.